யாரும் அழாத வீடு

2023 ஜூன் 4, ஞாயிறு

நெல்லையப்பன் காலையிலேயே வந்துவிட்டார். எங்கள் ஊர் இலக்கிய வட்டத்துக்கு அவர்தான் தலைவர், அவர்தான் செயலாளர், நாற்காலி எடுத்துப் போடுகிறவரும் அவர்தான். என் கவிதைகளைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். அறுபத்தெட்டு வயதில் முதல் புத்தகம். காப்பி கொண்டுவந்து வைத்த ஆவுடை, "இவுகளுக்குப் புஸ்தகமா? புறவாசல்ல ஒரு பல்பு மாட்டச் சொல்லி மூணு மாசமாச்சு" என்றாள். தென்காசியில் பாதி வீடுகளுக்கு விளக்குப் போட்ட இந்தக் கோமதிநாயகத்தின் வீட்டுப் புறவாசல் இருட்டாகத்தான் கிடக்கிறது. மறுக்கவில்லை.

தலைவருக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு கவிதைக்கும் கீழே அது எந்த நாளில், எந்த வீட்டு வேலையின்போது, எப்படிப் பிறந்தது என்று நான்கு வரி வர வேண்டும். 'ஒயர்மேன் கவிஞர்' என்றால் அதுதான் எடுப்பு என்கிறார். வாத்தியார் கவிதை எழுதினால் 'வாத்தியார் கவிஞர்' என்று யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் சரி என்று தலையாட்டினேன். புத்தகம் என்றதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

தொண்ணூற்று மூன்று கவிதைகள். மகள் வடிவு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறாள். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 6, செவ்வாய்

ஆசிரியர் குறிப்பு வேறு வேண்டுமாம், ஒரு பக்கத்துக்குள். காலையிலிருந்து ஆறு தடவை உட்கார்ந்து ஏழு தடவை எழுந்துவிட்டேன். இடையில் ரேஷன் கடை, கோதுமை மாவு அரைப்பு, எதிர்வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தகராறு.

எழுதியவரை இதுதான். பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். பதினைந்து வயதில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். பத்தொன்பதில் பம்பாய், புதுக் கட்டடங்களில் ஒயர் இழுக்கும் வேலை. கூட இருந்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டதால் எனக்கு எழுத ஆள் கிடையாது. சும்மா இருந்தால் பரிதாபமாகப் பார்க்கிறார்களே என்று நானும் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். அப்படி வந்ததுதான் முதல் கவிதை. யாருக்கும் போகப்போவதில்லை என்பதால் அதில் உண்மையை எழுத முடிந்தது.

பிறகு ஊர் திரும்பி, லைசென்ஸ் எடுத்து, ஆவுடையம்மாளைக் கட்டி, வடிவைப் பெற்று, முப்பத்தெட்டு வருடம் இதே ஊரில். கவிதை எல்லாம் வேலை செய்யும்போதுதான் வரும். சுவிட்ச் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் எழுதுவேன். மூன்று வருடம் முன்னால் ஏணியிலிருந்து விழுந்தேன். ஆவுடை வேலைச் சாமான் பையைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

'சுமார் எண்ணூறு வீடுகள். ஒன்றில்கூடக் குறை வந்ததில்லை' என்றும் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். பெருமை பேசுகிற மாதிரி இருந்தது.

ஜூன் 7, புதன்

சாரல் இன்னும் இறங்கவில்லை. முழங்கால் வலிக்கிறது.

ஜூன் 10, சனி

பழைய டைரிகளை இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். முப்பத்தாறு இருக்கின்றன. எந்த வீட்டில் எந்த வேலை முடிந்தது, நாளைக்கு எது பாக்கி என்று தினமும் சாயங்காலம் குறித்துவைப்பது என் வழக்கம். அன்றைக்குக் கவிதை வந்தால் அதுவும் கீழே ஒரு வரி வரும். தேதி கண்டுபிடிக்க இதைவிட வசதி வேறில்லை. இன்று மட்டும் முப்பத்தொரு கவிதைக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். ஒரு கவிதை கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் வந்திருக்கிறது. ஒன்று மாட்டுத் தொழுவத்தில், மாடு என் சட்டையை மென்றுகொண்டிருக்கும்போது. வடிவு படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 11, ஞாயிறு

புத்தகத் தலைப்பை இன்று முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை. 'இன்னும் யாரும் அழாத வீடு'. இருக்கிற கவிதைகளில் அதுதான் உச்சம் என்று தலைவர் சொல்கிறார், வடிவும் சொல்கிறாள். எனக்கும் அதில் சந்தேகம் கிடையாது. எழுதின அன்றே தெரியும்.

இந்த வீட்டில் இன்னும் யாரும் அழவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு
யாரும் யாரையும் திட்டவில்லை.
பூசாத சுவருக்கு நடுவில்
நான் ஏற்றிய விளக்கு மட்டும்
யாருக்காக எரிவதென்று தெரியாமல் எரிகிறது.
சீக்கிரம் வாருங்கள்.
வந்து கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

தேதி தேடினேன். 1999 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'போஸ்ட்மாஸ்டரம்மா வீடு. குளியலறைச் சுவரில் எர்த் ஒயரைச் சேர்க்கும்போது கவிதை வந்துவிட்டது. போட்டது போட்டபடி மாடிக்கு ஓடினேன். ஒரே மூச்சில் எட்டு வரி. இப்படி ஒன்று இதுவரை எனக்கு வந்ததில்லை. இறங்கி வந்தால் ஒயர் சேர்க்கும் பெட்டியைக் கொத்தனார் மூடிப் பூசிவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.'

மறுநாள் பக்கத்தில் ஒரே வரிதான். 'கவிதையைப் பத்துத் தடவை படித்தேன்.'

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 12, திங்கள்

சேர்த்துவிட்டுத்தான் போயிருப்பேன். கை பழகின கை. மனது எங்கே போனாலும் கை தன் வேலையைச் செய்துவிடும்.

ஜூன் 13, செவ்வாய்

வடிவு கேட்டாள், எர்த் என்றால் என்னப்பா, குறிப்பில் விளக்க வேண்டாமா என்று. சொன்னேன். ஹீட்டரிலோ கிரைண்டரிலோ உள்ளே ஏதாவது கெட்டு, கரண்டு தப்பி வெளித் தகரத்துக்கு வந்துவிட்டால், அது மண்ணுக்குள் போய்ச் சேருவதற்கு நாம் போட்டுவைக்கிற வழி. வழி இல்லாவிட்டால், தொடுகிற ஆளின் உடம்பு வழியாகப் போகும். சொல்லி முடித்ததும் எழுந்து புறவாசலுக்குப் போனேன். பல்பு மாட்டப் போவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 15, வியாழன்

தலைவர் வீட்டுக்குப் போய் அறுபது கவிதைகளுக்கான குறிப்புகளைக் கொடுத்தேன். சாயங்காலம் ஆவுடை சண்டைக்கு வந்தாள். தபால் ஆபீஸ் தெரு வழியாகப் போனால் தலைவர் வீடு ஐந்து நிமிடம். நீங்கள் எதற்குச் சுற்றிக்கொண்டு போய் முழங்கால் வலி என்று படுக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தத் தெருவில் நாய் அதிகம் என்றேன். எத்தனை வருசமாக அதே நாய் என்று கேட்டாள்.

அவள் காய்கறிக் கடையில் போஸ்ட்மாஸ்டரம்மாவைப் பார்த்தாளாம். தங்கபுஷ்பம் என்று பெயர். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மகள் பியூலாவுக்குத் தலைப்பிரசவம். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அழைத்துவருகிறார்களாம். பிள்ளைத்தாய்ச்சிக்கும், பிறகு பச்சை உடம்புக்கும் வெந்நீர் வேண்டுமே என்று புது ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

"அண்ணாச்சியே வந்து மாட்டித் தந்தா நல்லதுன்னு சொன்னா. என்ன சொல்லட்டும்?"

முழங்கால் சரியில்லை, வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன்.

"அந்த வீடுன்னா மட்டும் எப்பவும் ஒங்களுக்கு ஆள் அனுப்பத்தான் தோணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பெண்களுக்குத் தேவையில்லாத ஞாபகசக்தி.

ஜூன் 18, ஞாயிறு

சாரல் இறங்கிவிட்டது. ஊர் முழுக்கக் குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள். துவைத்த வேட்டி இரண்டு நாளாகக் காயவில்லை. வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஓதம் ஏறியிருக்கிறது. ஊரில் எல்லாச் சுவரும் இப்படித்தான் இருக்கும்.

ஜூன் 20, செவ்வாய்

எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஒரு பல்பும் இரண்டு துண்டு ஒயரும் போதும். இதை எதற்காக இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 22, வியாழன்

ஆவுடையிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், போஸ்ட்மாஸ்டரம்மாவின் வீட்டுக்காரர், அந்த ஞானசிகாமணி சார், எதனால் இறந்தார் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிக்கப் போனவருதான். கோயிலுக்கு நேரமாச்சேன்னு அந்தம்மா கதவத் தட்டிருக்கா. நான்தான் ஒங்ககிட்ட வந்து சொன்னேன். துட்டிக்குக்கூட நீங்க வரல. நான் மட்டும்லா போனேன்."

எனக்கு அன்றைக்குச் சுரண்டையில் வேலை. அதனால்தான் துக்கம் கேட்கப் போக முடியவில்லை. பன்னிரண்டு வருடம் முந்தின விஷயம். நெஞ்சு வலி என்றுதான் அப்போது ஊரில் சொன்னார்கள். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜூன் 24, சனி

போனில் பேசிவிட்டேன். நான் வந்து பார்க்கிறவரை புது ஹீட்டரை மாட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கு, சாரல் காலம், சுவர் ஈரம் என்று எதையோ உளறினேன். போஸ்ட்மாஸ்டரம்மா சந்தோஷமாகவே, "ஒங்களுக்கு எப்ப தோதோ அப்ப வாங்க அண்ணாச்சி" என்றார். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜூன் 26, திங்கள்

போகவில்லை.

ஜூன் 30, வெள்ளி

மீதிக் கவிதைகளுக்கும் குறிப்பு முடிந்தது. தலைப்புக் கவிதைக்கு மட்டும் பாக்கி இருந்தது. இன்று இப்படி எழுதினேன்: 'ஒரு புதுவீட்டின் மொட்டை மாடியில், ஆடிக் காற்று அடிக்க, குற்றால மலையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் பிறந்த கவிதை.' தலைவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பின் அட்டையில் போடலாம் என்றார்.

எழுதியதில் ஒரு சொல் பொய் கிடையாது. காற்று அடித்தது, மலை தெரிந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பொத்தான் தெறித்து விழுந்தது. எதன் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்ததால் பொத்தான் மேல் கோபப்பட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

தபால் ஆபீஸ் தெருவில் நுழைந்து அந்த வீட்டு வாசல் வரை போனேன். நாய் ஒன்றுகூட இல்லை. கேட்டுக்குள் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன். இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஜூலை 5, புதன்

வடிவு அச்சுப் பிரதியைக் கொண்டுவந்தாள். தலைப்புக் கவிதை முதல் பக்கத்தில். என் எழுத்தை அச்சில் பார்க்கும்போது வரும் என்று முப்பது வருடமாக நினைத்திருந்த சந்தோஷம் வரவில்லை. 'இந்த வீட்டில் இன்னும் யாரும் அழவில்லை' என்ற முதல் வரிக்கு மேல் படிக்க முடியாமல் மூடி வைத்தேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சமாளித்தேன்.

ஒன்பதாம் தேதி அந்தப் பெண் வந்துவிடும். வயிற்றுப் பிள்ளையோடு அந்தக் குளியலறைக்குள் போகும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டதால் இனி மழுப்ப முடியாது.

ஜூலை 7, வெள்ளி

போய்விட்டு வந்தேன். நடந்ததை இன்றே வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளை என்றால் என் வசதிக்கு மாற்றிவிடுவேன்.

காலையில் பையை இறக்கித் தா என்றேன். ஆவுடை எதற்கு என்று கேட்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து இறக்கி, தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

போஸ்ட்மாஸ்டரம்மா கேட்டைத் திறந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. "வழி மறந்து போச்சோன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்று சிரித்தார். பியூலாவுக்காக உள்ளறையைச் சுத்தம் செய்து கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலின் மேல் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, பிள்ளைத்துணியாக மடித்து அடுக்கியிருந்தது.

குளியலறைக் கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்று அந்த அம்மாவுடையது. இன்னொன்று பெரியது, ஆண்கள் அளவு, தேயாமல் அப்படியே இருந்தது. எதற்கு இது என்று கேட்டேன். இந்தக் குழாயைத் தொட்டால் சில நாள் சுர்ரென்று பிடிக்கும், அதனால் செருப்பு இல்லாமல் யாரும் குளிக்கப் போகக் கூடாது என்று பியூலாவைச் சின்னப் பிள்ளையிலேயே பழக்கிவிட்டோம், இந்த வீட்டுச் சட்டமே அதுதான் என்றார். மூன்று ஹீட்டர் மாற்றிவிட்டார்களாம். இரண்டு எலக்ட்ரீசியன்கள் வந்து பார்த்து, சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்களாம்.

"நான் ஒடைக்க விடல. இது கோமதிநாயகம் அண்ணாச்சி போட்ட ஒயரிங், அதுல கொறை இருக்காது, நீங்க ஹீட்டரப் பாருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

என் பெயருக்கு ஊரில் இருந்த மரியாதையை நினைத்து நான் வெட்கப்பட்டது இன்றைக்குத்தான்.

பல்பை எடுத்துச் சோதித்தேன். சாதாரணமாகப் போட்டால் எரிந்தது. ஒரு நுனியை எர்த்துக்கு மாற்றினேன். எரிய வேண்டும். எரியவில்லை. இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். பல்பு மாறிவிடுமா என்ன.

"கொறை ஹீட்டர்ல இல்லம்மா. எங்கிட்டதான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கவிதை வந்ததையும், மாடிக்கு ஓடியதையும், பெட்டியைப் பூசிவிட்டதையும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டதையும். அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் உளியை எடுத்து, கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து நான்கு முழம் உயரத்தில் ஒரு டைல்ஸை உடைத்தேன். உள்ளே சிமெண்டைக் கொத்தியதும் பெட்டி அங்கேயே இருந்தது.

"இருவத்து நாலு வருசம் ஆச்சு. எடம் எப்படி இவ்வளவு கரெக்டா ஞாவகம் இருக்கு?"

நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

பெட்டிக்குள் இரண்டு ஒயர் நுனிகள் ஒரு விரல் இடைவெளியில் நின்றன. சேர்ப்பதற்காக நான் சுரண்டி வைத்திருந்த இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, மறுபடி சோதித்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. புது ஹீட்டரையும் மாட்டினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

கை கழுவும்போது அந்த அம்மா, அப்படி என்னதான் எழுதினீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான் பார்க்காமலே எட்டு வரியும் சொன்னேன். அவர் வீட்டைப் பற்றி, அவர் வீட்டுக்குள் நின்று.

"நல்லாத்தான் இருக்கு. புஸ்தகத்துல போடுங்க. ஆனா இதுக்காகச் செருப்பு போட்டுல்லா குளிச்சிருக்கோம் இத்தன வருசமா" என்றார். சிரித்தாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

பையை மூடினேன். கேட்காமல் போய்விடலாம் என்றுதான் இருந்தது. வாசல் வரை வந்தவன் திரும்பி, "சார் போன அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

சிதறிக் கிடந்த டைல்ஸ் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குக் கரண்டு கெடையாது அண்ணாச்சி. காலையிலயே போயிட்டு. நான் அடுப்புலல்லா வெந்நி வச்சுக் குடுத்தேன்."

பிறகு விளக்குமாறை எடுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

தெருவில் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு ஆறுதல். இத்தனை வருடமாக என்ன சுமந்துகொண்டிருந்தேன் என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிகிறது.

ஜூலை 8, சனி

நான்கு தோசை சாப்பிட்டேன். புறவாசல் பல்பை மாட்டினேன். ஆவுடை பல்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். தலைப்புக் கவிதைக்கு உண்மையான குறிப்பை எழுதப்போகிறேன். தலைவர் குதிப்பார், குதிக்கட்டும்.

ஜூலை 9, ஞாயிறு

உண்மையான குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எழுதுவதானால் முழுதாக எழுத வேண்டும், சார் இறந்த தேதியும் வேண்டும் என்று 2011 டைரியை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்.

'நவம்பர் 20, ஞாயிறு. தேரடிப் பக்கத்து மண்டபத்தில் மிஷின் வைத்துச் சுவர் துளைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கரண்டு காலை ஆறு மணியிலிருந்து ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. இரண்டு நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. மத்தியானம் ஆவுடை வந்து சொன்னாள், சிகாமணி சார் காலையில் குளியலறையில் தவறிவிட்டாராம். நாளைக்குப் போக வேண்டும்.'

'நவம்பர் 21, திங்கள். போகவில்லை. சுரண்டையில் வேலை இருப்பதாக ஆவுடையிடம் சொல்லிவிட்டேன்.'

அந்த மண்டபம் தபால் ஆபீஸ் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். இதை வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஜூலை 10, திங்கள்

அந்தக் கவிதையை எடுத்துவிடச் சொன்னேன். வடிவு ஏன் என்று கேட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு அழுதாள். தலைவர் போனில் கத்தினார். அட்டை அச்சாகிவிட்டதாம். தொண்ணூற்று இரண்டு கவிதை போதும், தலைப்பை நீங்களே வையுங்கள் என்றேன். காரணம் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஜூலை 11, செவ்வாய்

பியூலா வந்துவிட்டதாம். ஆவுடை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெந்நீர் நன்றாக வருகிறது என்று சொன்னார்களாம்.

ஜூலை 12, புதன்

வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பையை எடுக்கவில்லை. ஆவுடை என்னைப் பார்த்துவிட்டு, எங்கே துட்டிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யார் வீடு என்று அவள் கேட்கவில்லை.

பியூலா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது. போஸ்ட்மாஸ்டரம்மா என் உடுப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நாற்காலியைக் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். சுவரில் சார் படம் மாட்டியிருந்தது. சிரிப்பு முகம். ஒயரிங் நடந்தபோது தினமும் பத்து மணிக்கு எனக்கு டீ வாங்கிக்கொண்டு வருவார்.

"சாருக்குத் துட்டி கேக்க வந்தேம்மா" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. பிறகு, சொல்லிவிட வேண்டும் என்று வந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் பின்தெரு மண்டபத்துலதாம்மா வேலை பாத்தேன். காலையில இருந்து மிஷின் ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

கரண்டு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. மிஷின் எதில் ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் அண்ணாச்சி. மிஷின் சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு."

பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு அவுக செருப்பு வெளியிலதான் கெடந்துச்சு. கோயிலுக்கு நேரமாச்சு, சீக்கிரம் வாங்கன்னு அவசரப்படுத்துனது நான்தான். சொவத்த ஒடைக்க விடாதவளும் நான்தான். அத நான் யார்ட்டச் சொல்ல?"

நூறு கவிதை எழுதினவனிடம் ஒரு சொல் இல்லை. அவர் அழுதார். நானும் அழுதேன்.

எழுந்தேன். துட்டி கேட்கப் போன வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. அந்த வீட்டுக்கு அப்படித் திரும்ப வர வேண்டாம் என்பதற்காகச் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதன்படி தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கி, கேட் வரை போய்விட்டேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, சொல்லிட்டுப் போங்க."

திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார், உள்ளே போகவில்லை.

"வாரேம்மா" என்றேன்.